மூன்றாவது பச்சை

அத்தியாயம் 6

"வாங்க பாஸ், ஒரு ஆட்டம் போடலாம்!"

நல்லானின் சட்டைப் பையிலிருந்து ஒரு பெண் குரல் கொஞ்சிக் கூப்பிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த முகிலன் திடுக்கிட்டான். சித்ராதேவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க," என்று நல்லான் போனை உருவித் திரையைக் குத்து குத்தென்று குத்தினான். "நேத்து இவ என்ற மாமியார் முன்னாடியே கூப்பிட்டுட்டா. போன் பூட்டிக் கிடக்குது, நான் பக்கத்துலகூட இல்ல, அப்பவும் கூப்பிடறா. ஊட்டுல எனக்கு இன்னும் சோறு போடலீங்க."

"அதுதாங்க போலி மைனா," என்றான் முகிலன். "வாட்ஸ்அப்ல வந்ததை ஏத்துனீங்களா?"

"மச்சான் அனுப்புனாரு. புது வெர்ஷன்னு."

"மச்சானை மாத்த முடியாது. போனை மாத்து," என்றாள் சித்ராதேவி.

மங்கலம் ரோட்டில் ஒரு எம்பிராய்டரி யூனிட்டுக்கு மேல் மாடியில்தான் அவளுடைய துப்பறியும் நிலையம். கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் மேலே தரை நடுங்கும். மேஜை மேல் வைத்த டீ டம்ளர் தானாக ஓரத்துக்கு நகரும். அதை அடிக்கடி நடுவுக்கு இழுத்து வைப்பது உதவியாளர் நல்லானின் உத்தியோகங்களில் ஒன்று. சித்ராதேவி ஏற்றுமதிக் கம்பெனிகளில் தரம் பார்க்கும் வேலையில் பாதி ஆயுசைக் கழித்தவள். வேலையை விட்ட பிறகும் நூல் வெட்டும் சின்னக் கத்திரி விரலை விட்டுப் போகவில்லை. யார் சட்டையில் பிசிறு தெரிந்தாலும் கேட்காமல் வெட்டிவிடுவாள். முகிலன் வந்து உட்கார்ந்ததிலிருந்து மூன்று பிசிறு போயிருந்தது.

முகிலன் பகலில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். ராத்திரிகளில் அவன் கட்டியதுதான் ‘மைனா’. பாட்டோ படமோ, எந்த வகைக் கோப்பானாலும் நெட் இல்லாமலே பாடிவிடும் இலவச ஆப். ஊர்ப் பாட்டை மெமரி கார்டில் நிரப்பிக்கொண்டு ரயிலேறி வந்த ஒடிசாப் பையன்கள் முதல், ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தபடியே முருகன் பாட்டுக் கேட்கும் அக்காக்கள் வரை, திருப்பூரில் தையல் ஓடும் இடமெல்லாம் மைனா ஓடியது. அதன் நிரல் திறந்த நிரல். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், தங்கள் பெயரில் வேறொன்று கட்டிக்கொள்ளலாம். முகிலனே அப்படி எழுதி வைத்திருந்தான்.

ஆனால் முத்திரை பொது அல்ல. ஒவ்வொரு ஆப்பிலும் அதைச் செய்தவரின் ரகசியச் சாவியால் ஒரு முத்திரை விழும். அதே முத்திரை இருந்தால்தான் புது வெர்ஷனைப் பழையதின் மேல் ஏற்றிக்கொள்ளப் போன் சம்மதிக்கும். சூதாட்ட விளம்பரத்தோடு ஊரெல்லாம் சுற்றிய அந்தப் போலியில் இருந்தது முகிலனின் அசல் முத்திரை.

"போன மாசம் வரைக்கும் ஆப் ஸ்டோர்க்காரங்க அவங்க கடைக்குள்ள நடக்கிறதை மட்டும்தான் கேட்டாங்க," என்றான் முகிலன். கால் ஆடிக்கொண்டே இருந்தது. "இந்த மாசம் விதியை மாத்திட்டாங்க. அடையாள அட்டை குடுத்துப் பதிஞ்சவனோட முத்திரை எங்க சுத்தினாலும் அவன்தான் பொறுப்பாம். மைனாவைத் தூக்கிட்டாங்க. சாவி எப்படி வெளிய போச்சுன்னு இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள விளக்கம் குடுக்கணும்."

"விளக்கம் தயாரா இருக்குதே," என்றாள் சித்ராதேவி, அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி.

திரையில் இருந்த ஆங்கிலக் கடிதத்தில் ஒரு பெயர் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. அக்ஷரா.

"சாவி எங்க ரெண்டு பேருகிட்ட மட்டும்தாங்க இருந்துச்சு. காலேஜ்ல இருந்து சேர்ந்தே செஞ்சோம். போன வருஷம் விளம்பரம் போடலாம்னு சொன்னவளும் அவதான். நான் முடியாதுன்னேன்."

"இந்தக் கடிதம் போனா அந்தப் புள்ளைக்கு என்ன ஆகும்?"

"அவ அடையாள அட்டையையும் தடை பண்ணுவாங்க. அப்புறம் எங்கயும் ஆப் போட முடியாது. அடுத்த வாரம் பெங்களூர்ல சேர்றா. ஆப் செய்யற கம்பெனி."

"சேர்றதுக்கு முந்தியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்," என்றான் நல்லான்.

சித்ராதேவி கையை நீட்டினாள். "சோதிக்கறதுக்குப் போன் கொண்டு வந்தீங்களே, ரெண்டும் ஒரே மாடல்தானே? ஒண்ணுல அசலைத் திறங்க. இன்னொண்ணுல போலியை."

திறந்தான். இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

"அக்கா, இது துணி இல்ல. போனுக்கு வெளிச்சம் உள்ளயே இருக்குது," என்றான் நல்லான்.

"டியூப்லைட்ல ஷேடு பாத்தா எனக்குத் தலை வலிக்கும்."

இரண்டையும் விளிம்போடு விளிம்பு ஒட்டிப் பிடித்தாள். பாட்டு ஓடும்போது கீழே நகரும் பச்சைக் கோட்டையே பார்த்தாள். பிறகு இந்தப் போனில் போலியையும் அந்தப் போனில் அசலையும் மாற்றி ஏற்றச் சொன்னாள். மறுபடி ஒட்டிப் பிடித்தாள்.

"போன்ல இல்ல, ஆப்புலதான் வித்தியாசம். போலியோட பச்சை வேற பச்சை. கொஞ்சம் மஞ்சள் தூக்கலா இருக்குது."

முகிலன் எழுந்து வந்து பார்த்தான். அவன் முகம் மாறியது. "இது... சி."

"என்னது சி?"

"லேப் டிப்புங்க." சொன்னவனுக்கே வெட்கமாக இருந்தது. சாயப் பட்டறைக்காரர்கள் ஒரு கலருக்கு ஏ, பி, சி என்று மூன்று சாம்பிள் நனைத்து அனுப்புவார்கள். சரக்கு வாங்கும் பையர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். தினமும் அதே வேலையைப் பார்த்தவன் மைனாவுக்கும் அப்படியே மூன்று பச்சை நனைத்திருந்தான். "ஏ-தான் வெளிய போச்சு. பியும் சியும் செல்லலைன்னு ஒதுக்கிட்டேன்."

"சியை வெளிய போட்டீங்களா? யாராவது எடுத்துக்கற மாதிரி?"

"இல்லவே இல்லீங்க. என்ற லேப்டாப்புல மட்டும்தான் இருந்துச்சு. டெஸ்டிங்குக்கு மட்டும் மூணையும் குடுத்தேன்."

"அக்ஷரா பாத்தாளா?"

"இல்ல. அப்ப விளம்பரச் சண்டை. பேச்சு வார்த்தையே இல்ல."

கீழே மெஷின் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. நல்லான் டம்ளரை நடுவுக்கு இழுத்தான்.

"அப்ப போலி செஞ்ச ஆளு அந்த மூணாவது பச்சையைப் பாத்த ஆளு," என்றாள் சித்ராதேவி. "டெஸ்டிங் யாரு பண்ணினது?"

"புதுசா கணக்குத் திறக்கிற தனி ஆளு, பன்னெண்டு பேரை ரெண்டு வாரம் விடாம ஆப்பைப் பயன்படுத்த வச்சுக் காட்டணும்னு ஸ்டோர்ல ஒரு விதி. பன்னெண்டு பேருக்கு நான் எங்கீங்க போவேன்? அனுப்பர்பாளையத்துல சிவராஜ்னு ஒருத்தர். கூலிக்குச் செஞ்சு தர்றவரு. அவருகிட்ட ஜாப் ஒர்க்குக்கு விட்டேன்."

நல்லான் கையெடுத்துக் கும்பிட்டான். "பாட்டுக் கேக்கறதுக்குக்கூட ஜாப் ஒர்க் விடற ஊரு உலகத்துல இது ஒண்ணுதானுங்க."

"ஆனா டெஸ்டருக்கு ஆப் மட்டும்தான் போகும், சாவி போகாது," முகிலன் விடவில்லை. "என்னை விட்டா சாவி அவகிட்டத்தான் இருந்துச்சு. பச்சை எப்படிப் போச்சோ, எனக்குத் தெரியாது. அஞ்சு மணிக்கு நான் அனுப்பித்தான் ஆகணும்."

"அஞ்சு மணிக்கு அனுப்புங்க. அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி அனுப்பினாலும் என்ற ஃபீஸ் ரெண்டு மடங்கு," என்று சொல்லிவிட்டு சித்ராதேவி படியிறங்கினாள். இறங்கும்போதே அக்ஷராவுக்குப் போன் போட்டு, உடனே ஆபீசுக்கு வந்து உட்காரச் சொன்னாள்.

*

பாத்திரத்துக்குப் பாலிஷ் போடும் பட்டறை ஒன்றின் மாடியில் இருந்தது சிவராஜின் ஹால். முன்பு அது துணி செக்கிங் யூனிட். நூல் கோன் அடுக்கும் இரும்பு ஸ்டாண்டுகள் இன்னும் இருந்தன. கோன் செருகும் கம்பிகளில் இப்போது போன்கள் செருகியிருந்தன. நீள மேஜையில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, ஆளுக்கு நாலைந்து போன்களைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் பக்திப் பாட்டு, ஒன்றில் சமையல், ஒன்றில் ஏதோ குழந்தைகள் விளையாட்டு. எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின.

"வாங்க, வாங்க. என்ன ஆப்புங்க?" என்று சிவராஜ் நாற்காலி இழுத்துப் போட்டார். வெள்ளைச் சட்டை, விபூதி, முகம் நிறையச் சிரிப்பு.

சித்ராதேவி நல்லானைக் கை காட்டினாள். "இவருதான் ஓனர்."

நல்லான் ஒரு கணம் விழித்தான். பிறகு நெஞ்சை நிமிர்த்தினான். "ஆப் பேரு ‘காவடி’. பழனிக்கு நடக்கறவங்களுக்கு. அடுத்த டீக்கடை எவ்வளவு தூரம்னு பாட்டாவே பாடும்."

"கடை மூடியிருந்தா?"

"ஒப்பாரி வைக்கும்."

மேஜைக் கோடியில் உட்கார்ந்திருந்த அம்மாள் களுக்கென்று சிரித்தாள். அவள்தான் அந்த லைனுக்குப் பெரியவள், பொன்னாத்தாள். "இங்க வர்ற ஆப்பெல்லாம் இப்படித்தான் கண்ணு. நாங்க பாத்ததுல உருப்படின்னா மைனா ஒண்ணுதான். டெஸ்டிங் முடிஞ்சும் நாங்க யாரும் அழிக்கலை."

"அக்கா, வேலையைப் பாருங்க," என்றார் சிவராஜ்.

"நானும் கம்பெனியில குப்பை கொட்டினவதாங்க," என்றாள் சித்ராதேவி சாவகாசமாக. அவர் கைப்பட்டனில் தொங்கிய நூலை நறுக்கினாள். "பின்னாடி பேச்சு வரக் கூடாது. இப்பவே கேட்டுடறேன். மிச்சம் யாருக்கு?"

"வழக்கம்தானுங்க. வெட்டு வேஸ்ட் ஜாப் ஒர்க்காரனுக்கு."

"ஆப்புல என்ன வேஸ்ட்?"

"செல்லாத ஷேடு, பழைய வெர்ஷன், இப்படி ஏதாச்சும் கிடக்குமுங்க. வேணுங்கற பார்ட்டி வந்தா தள்ளிவிடறதுதான்."

"ஆப்பை மட்டும் குடுத்தாப் போதுமா, எல்லாத்தையும் சேர்த்துக் குடுக்கணுமா?"

"ஆப் மட்டும் போதுமுங்க. ஆனா சில பேரு தங்கமானவங்க." சிவராஜ் டிராயரை இழுத்து ஒரு பாலிபேக்கை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே ஒரு பென் டிரைவ். "புதுப் பார்ட்டிக்கெல்லாம் இதைத்தான் காட்டுவேன். தைக்க அனுப்பற கிட்டுன்னா இப்படி இருக்கணும். அந்த மைனாக்காரரு பனியன் கம்பெனி ஆளுங்க. துணி, நூல், எல்லாம் ஒரே பையில. லேபிளைக்கூட எண்ணாமக் குடுத்தாரு!"

சித்ராதேவியின் விரலில் கத்திரி நின்றது.

பாலிபேக்கின் மேல் சின்ன ஸ்டிக்கர். அதில் ‘கிட் ஓகே’ என்று பேனாவில் எழுதி, கீழே முகிலனின் கையெழுத்து.

நல்லானுக்குப் பொறி தட்டச் சற்று நேரம் பிடித்தது. எந்தத் துணியையும் இன்னாருடைய சரக்கு என்று சொல்வது லேபிள். எந்த ஆப்பையும் இன்னாருடையது என்று சொல்வது...

"அக்கா, லேபிள்னா... சாவியா?"

சித்ராதேவி தன் கார்டை எடுத்து சிவராஜ் முன் வைத்தாள். "துப்பறியற ஆளுங்க நாங்க. இந்த லேபிளை யாருக்குத் தள்ளிவிட்டீங்க?"

சிவராஜின் முகம் நெற்றி விபூதிவரை வெளுத்தது. "இதுல என்னங்க தப்பு? யாரு வேணாலும் எடுத்துக்கலாம்னு அவரே எழுதிப் போட்டிருக்காருங்க!"

"துணியை எடுத்துக்கலாம்னாரு. அதை எடுத்து நீங்க சட்டை தைங்க, கால்சட்டை தைங்க, உங்க பேரு போட்டு வித்துக்குங்க. அவரு லேபிளைத் தைச்சு விக்கச் சொன்னாரா? கம்பெனி லேபிள் மிஞ்சினா எண்ணித் திருப்பிக் குடுக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா? செக்கிங் யூனிட் நடத்தின ஆளு நீங்க."

"ஏதோ விளம்பரப் பார்ட்டின்னாங்க... எனக்கென்னங்க தெரியும்..."

"வாங்க பாஸ், ஒரு ஆட்டம் போடலாம்!" என்றது நல்லானின் சட்டைப் பை.

ஹால் முழுக்கத் தடவிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. பொன்னாத்தாள் எழுந்தாள்.

"இந்தச் சத்தம் என்ற போன்லயும் வருதுங்க சாமி. பேத்தி காது குத்துல, மாமன் மடியில புள்ளையை உக்கார வச்ச நேரத்துல கூப்பிட்டா. என்ற மருமகன் இன்னும் என்னைய ஒரு மாதிரி பாக்கறாரு." அவள் சிவராஜ் பக்கம் திரும்பினாள். "இதை வித்தது நீங்கதானுங்களா?"

பொன்னாத்தாள் தன் டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் போட்டாள். மேஜையின் இரு பக்கமும் டிபன் பாக்ஸ்கள் ஒவ்வொன்றாக மூடும் சத்தம் கேட்டது.

*

"அந்த விளம்பரப் பார்ட்டி நம்பரைக் கறந்தாச்சு. நாளைக்குப் பிடிக்கலாம்," என்றாள் சித்ராதேவி ஸ்கூட்டரின் பின்னால் இருந்து. "இப்ப முகிலனைப் போன்ல பிடி."

"பிஸி பிஸின்னே வருதுக்கா."

"ஓட்டு."

"மடியில பென் டிரைவ், முதுகுல நீங்க, முன்னாடி கம்பெனி வேன். நான் என்ன பறக்கறதா?"

ஷிப்டு விடும் நேரம். ரோடு முழுக்க வேன்கள். நல்லான் சந்து பொந்தெல்லாம் நுழைந்தான். ஒரு சாக்கடைப் பலகையைத் தாண்டினான், ஒரு கல்யாண மண்டபத்தின் பந்தலுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தான். பன்னீர் தெளித்தவர்கள் இவர்களுக்கும் தெளித்தார்கள்.

ஆபீஸ் கதவைத் தள்ளியபோது முகிலன் லேப்டாப் முன் குனிந்திருந்தான். ஜன்னலோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். தோளில் பை, கண்கள் சிவந்திருந்தன. அழுத சிவப்பா, கோபச் சிவப்பா என்று நல்லானால் சொல்ல முடியவில்லை. அக்ஷராதான்.

"அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பப் போறேன். நேரம் ஆச்சு."

சித்ராதேவி பாலிபேக்கை அவன் விசைப்பலகையின் மேல் போட்டாள்.

முகிலன் ஸ்டிக்கரைப் பார்த்தான். எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "என்ற கையெழுத்து."

"ஒரு பட்டன் விட்டாக்கூட லைன் நின்னுடும்னு எல்லாத்தையும் ஒரே பையில போட்டுப் பழகின கை. அன்னிக்கும் முழு ஃபோல்டரையும் அப்படியே போட்டுடுச்சு. மூணு பச்சையும் போச்சு. கூடவே சாவியும். நீங்களே ஓகேன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டீங்க."

கீழே மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அக்ஷரா ஜன்னலை விட்டு நகரவில்லை.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

முகிலன் திரையைப் பார்த்தபடியே பேசினான். "என்ற தப்புன்னு எழுதினா கணக்கை நிரந்தரமா மூடிடுவாங்க. மைனா போயிடும்."

"என் பேரை எழுதினா?"

அவன் விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே நின்றது. நல்லானுக்கு வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. டம்ளர் மேஜை ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்ததை அவன் பார்த்தான். இழுத்து வைக்கக் கை எழவில்லை. அது விழுந்து உருண்டது.

அந்தச் சத்தத்தில் முகிலன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். தடித்த எழுத்தில் இருந்த பெயரை அழித்தான். அந்த இடத்தில் தன் பெயரை எழுதினான். பாலிபேக்கைப் படமெடுத்து இணைத்தான். அனுப்பினான்.

பதில் வர ஒரு வாய் டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. மனிதர் யாரும் படித்திருக்க முடியாது. தங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது, நன்றி, வணக்கம்.

அக்ஷரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் லேப்டாப்பைத் திறந்தாள்.

"என்ன பண்றே?" என்றான் முகிலன்.

"மைனாவை எடுத்துக்கறேன். யாரு வேணாலும் எடுத்துக்கலாம்னு நீதானே எழுதி வச்சே?"

"அதே பேரிலயா?"

"பேரு வேற, லேபிள் வேற. சாவி என்கிட்ட மட்டும் இருக்கும்." அவள் வேகமாகத் தட்டினாள். "புதுக் கணக்கு. பன்னெண்டு டெஸ்டரோட மெயில் ஐடி வேணும். அதுக்கு எங்க போறது?"

நல்லான் தொண்டையைச் செருமினான். "பொன்னாத்தாள்னு ஒரு அம்மா இருக்காங்க. கூட ஒரு லைனே வேலையை விட்டுட்டு வந்துடுச்சு. எல்லாரும் மைனா ரசிகைங்க. அவங்க பத்துப் பேரு. நான் ஒண்ணு. எனக்கு ஊட்டுல சோறு வேணும்."

"பதினொண்ணு. இன்னும் ஒண்ணு," என்றாள் அக்ஷரா.

முகிலன் தன் லேப்டாப்பை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பினான். சித்ராதேவி அவன் காலரில் நான்காவது பிசிறைக் கண்டுபிடித்து நறுக்கினாள்.

"எந்தப் பச்சைன்னு நீ சொல்ற வேலையெல்லாம் கிடையாது," என்றாள் அக்ஷரா, திரும்பாமலே.

"இல்ல."

"பாட்டைப் போடணும். ஓடுதா இல்லையான்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"சரி."

அவள் விரல்கள் நின்றன. காலேஜ் நாளிலிருந்து மெயில் எழுதிப் பழகியவனிடம், அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிற ஆளிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"மெயில் ஐடி சொல்லு."

அவன் எழுத்தெழுத்தாகச் சொன்னான்.